குளிரறைக்குள் நகராத சிலேட்டு

அந்த மருத்துவமனைச் சமையல்கூடத்தில் ஒரு முட்டையை மேசைமேல் வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினால், முட்டை வெந்திருக்கும். அவ்வளவு வெக்கை. ஈக்கள் உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேண்டாமப்பா என்று வெளியே போய்த்தான் மூச்சு விடும். அந்த உலைக்களத்தில் ஒருத்தி மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடு வலம் வந்துகொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சட்டை, முழங்கையில் ஒட்டு. அதனால் அவளுக்குக் கம்பளி என்று பெயர். இளையவர்களுக்குக் கம்பளி அக்கா. மேலாளர்கூட, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை மறந்துபோய், "கம்பளியம்மா, கொஞ்சம் வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

எந்தக் கட்டிலுக்கு எந்தச் சாப்பாடு என்று பார்ப்பது அவள் வேலை. ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்குச் சர்க்கரை ஆகாது, ஒருவருக்குப் பல்லே கிடையாது. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு எதற்குக் கம்பளிச் சட்டை? கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில், "எனக்குக் குளிர்கிற உடம்பு." அதை யாரும் நம்பவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் மூன்று விதமான கதை ஓடிற்று. பாலும் வெண்ணெயும் வைக்கும் குளிரறைக்குள் போய்ப் பாலாடைக்கட்டி தின்கிறாள் என்று ஒரு கதை. உள்ளே நின்றுகொண்டே தூங்குகிறாள் என்று ஒரு கதை. மூன்றாவது கதையை நாகரிகம் கருதி விட்டுவிடலாம். அதில் பால் கொண்டுவருகிற ஆள் வருகிறான், பாவம், அவனுக்குப் பேரன் இருக்கிறான்.

உண்மை இவற்றைவிடச் சப்பென்றது. அவள் சிலேட்டோடு குளிரறைக்குள் போய் நின்றாள். அவ்வளவுதான்.

சிலேட்டு என்று அவர்கள் சொன்னது கையகலக் கண்ணாடித் திரையை. முன்பெல்லாம் வார்டிலிருந்து சீட்டு வரும், சீட்டு தொலையும், சூப் கேட்டவருக்கு ரொட்டி போகும். அதற்கு முடிவு கட்ட நிர்வாகம் ஆளுக்கொரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தது. வார்டு சிஸ்டர் கையில் ஒன்று, அடுப்படிச் சுவரில் ஒன்று, கம்பளியிடம் ஒன்று, சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர்களுக்கு ஒவ்வொன்று. அதைப் பொருத்த வந்த கணினிக்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விளக்கினார்.

"இதுல ஒருத்தர் ஒரு வரியை மாத்தினா, கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள எல்லார் கையிலயும் மாறிடும். எல்லாரும் பார்க்கிறது ஒண்ணுதான். யாரும் யாருக்கும் போய்ச் சொல்ல வேண்டாம்."

"இது எங்க வீட்ல ரொம்ப நாளா இருக்கு சார்," என்றாள் கம்பளி. "அடுப்படியில நான் முணுமுணுத்தா, அடுத்த தெருவுல நாத்தனாருக்குக் கேட்டுடும்."

எல்லாரும் சிரித்தார்கள். கணினிக்காரரும் சிரித்துவிட்டு, "ஒரே ஒரு விஷயம், சிக்னல் இல்லாத இடத்துக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க," என்றார். சிரிப்போடு சிரிப்பாக எல்லாரும் தலையாட்டினார்கள். கம்பளியும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் பிற்பாடு அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

சிலேட்டில் ஒரு தொந்தரவு இருந்தது. அது சும்மா இருக்காது. வார்டில் யாராவது எதையாவது மாற்றினால் வரிகள் மேலும் கீழும் தாவும். நீங்கள் ஒரு வரியைத் தொடப் போவீர்கள். விரல் இறங்குவதற்குள் அந்த இடத்தில் வேறொரு கட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். ஓடுகிற பேருந்தில் ஊசிக்கு நூல் கோக்கிற கதைதான். ஒருமுறை அப்படித்தான் விரல் தவறி, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இனிப்புப் புட்டிங் எழுதிவிட்டாள். தட்டு வண்டியேறும் நேரத்தில் கண்ணில் பட்டது. பிடுங்கி எடுத்தாள். அன்று பிடித்த நடுக்கம் அவளை விடவில்லை.

பிறகு ஒருநாள் பால் இருப்பைப் பார்க்கக் குளிரறைக்குள் போனபோது, இடுப்பில் செருகியிருந்த சிலேட்டு அசையாமல் இருப்பதைக் கவனித்தாள். தடித்த எஃகுச் சுவர். உள்ளே போனால் தொலைபேசியே ஒலிக்காது. ஒரு வரியும் தாவவில்லை. நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, யோசித்து, தொட்டு எழுதினாள். வெளியே வந்ததும் சிலேட்டு லேசாக ஒரு துடிப்புத் துடித்தது. அவள் எழுதியதெல்லாம் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? மறுநாள் கம்பளிச் சட்டையோடு வந்தாள்.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கம்பளியின் கணவனுக்குத் தம்பி. கணவன் வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருந்தான். வீட்டில் மாமியார், இவள், இந்தக் கொழுந்தன். காலையில் கண் விழிக்கும்போதே வாயும் திறந்துவிடும், அதனால்தான் ரேடியோ. எந்த வேலையிலும் நிலைக்காதவனை இவள்தான் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வண்டி தள்ளச் சேர்த்துவிட்டாள். அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. கட்டிலுக்குக் கட்டில் ஒரு கேலி, ஒரு பாட்டு. எழுந்து நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கிழவர் ஒருவர், இவனை நாலு வார்த்தை திட்டுவதற்காகவே வாசல்வரை நடந்துவந்து குணமாகிவிட்டார் என்றால் பாருங்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் வாசலருகே வந்தது நிஜம்.

கவனக்குறைவும் அவனுக்கு உண்டு. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவான். சாவியைத் தேடுவான், சாவி கையில் இருக்கும். அதனால் அவன் தப்புச் செய்தான் என்று யார் சொன்னாலும் ஊர் உடனே நம்பும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு அடுக்குகிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு கூடுதலாகவே வைப்பார்கள். எந்தத் தட்டு எந்தக் கட்டிலுக்கு என்று சிலேட்டைப் பார்த்துக் கொடுப்பது வண்டி தள்ளுகிறவர் பொறுப்பு.

மேல் மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையற்கார அம்மாள் இருந்தாள். வயிற்றில் அறுவைச் சிகிச்சைக்காகக் காத்திருந்தாள். ஒருநாள் கம்பளி வார்டுப் பக்கம் போனபோது அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சூப்புல கடலே இருக்கும்மா. உப்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தாள். மறுநாள் காலையில் குளிரறைக்குள் வெண்ணெய் அடுக்கின் பக்கத்தில் நிற்கும்போது அது கம்பளிக்கு நினைவு வந்தது. ஜன்னலோரக் கட்டிலுக்கு 'சூப்' என்று இருந்தது. அதன் பக்கத்தில் 'உப்பு குறைவு' என்று சேர்த்தாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் பாலையும் எண்ணி முடித்துவிட்டு வெளியே வந்தாள். சிலேட்டு துடித்தது.

அவள் உள்ளே நின்றிருந்த நேரத்தில் வெளியே நடந்தது வேறு. மதியம் என்றிருந்த அறுவையை மருத்துவர் காலைக்கே மாற்றிவிட்டார். வார்டு சிஸ்டர் அந்தக் கட்டிலின் வரியை 'எதுவும் கூடாது' என்று மாற்றினாள். எல்லாச் சிலேட்டிலும் அந்த வரி சிவப்பாயிற்று, குளிரறைக்குள் இருந்த ஒன்றைத் தவிர. பிறகு கம்பளி வெளியே வந்தாள். அவள் கைச் சிலேட்டுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய வரியும், அதில் அவள் சேர்த்த உப்பும். கடைசியாக வந்ததே செல்லும் என்று அந்தக் கருவிக்கு விதி. முழு வரியும் அப்படியே போய்ச் சிவப்பின் மேல் உட்கார்ந்தது. எல்லார் கையிலும் 'சூப், உப்பு குறைவு'. ரேடியோ தன் சிலேட்டைப் பார்த்தான், ஒரு பாட்டை முனகிக்கொண்டே வண்டியை லிஃப்டுக்குள் தள்ளினான்.

அதற்குப் பிறகு சுவரோரத் தொலைபேசி அடித்தது. கம்பளிதான் எடுத்தாள்.

"கிச்சனா? ஜன்னலோரக் கட்டிலுக்கு எதுவும் வேண்டாம்னு போட்டேனே, பார்த்தீங்கல்ல?" சிஸ்டரின் குரல்.

கம்பளி சிலேட்டைப் பார்த்தாள். சூப். உப்பு குறைவு. தான் எழுதிய வரி தன்னையே முறைத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. 'இல்லை சிஸ்டர், என் கையால் அழிந்துபோச்சு' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாய் திறந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"பார்த்தோம் சிஸ்டர்."

சொல்லிக்கொண்டே விரலால் அந்த வரியைத் தொட்டு 'எதுவும் கூடாது' என்று திருப்பினாள். சிவப்பு மீண்டும் வந்தது, எல்லார் கையிலும், கண் மூடித் திறப்பதற்குள். வண்டி இன்னும் கீழேதான் இருக்கும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது.

படியில் ஓடினாள். அந்தக் கம்பளிச் சட்டையோடு அவள் ஏறிய வேகத்தில் படிகள் இன்னும் தேய்ந்து கிடக்கின்றன என்று சொல்லிக்கொள்வார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது தையற்கார அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் ரேடியோவின் முகத்துக்கு நேரே தன் சிலேட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. சிவப்பா, இல்லையா? கண்ணு எங்க இருக்கு உனக்கு? வயித்துல சூப்போட எப்படி மயக்க மருந்து கொடுக்கிறது? மூச்சடைச்சுப் போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

ரேடியோ தன் சிலேட்டை எடுத்தான். கறுப்பாக இருந்தது. லிஃப்டுக்குள்ளேயே அதன் சார்ஜ் செத்துப்போயிருந்தது. "சூப்னுதான் போட்டிருந்துச்சு சிஸ்டர். நான் பார்த்தேன்..."

"கிச்சன்ல கேட்டேன். பார்த்தோம்னு சொன்னாங்க. உனக்கு மட்டும் சூப்னு தெரிஞ்சுதா?"

ரேடியோ சிவப்பு வரியைப் பார்த்தான். கறுப்புத் திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த உறுதி மெல்ல மெல்ல வடிவதைக் கம்பளி கதவருகில் நின்று பார்த்தாள். "பார்த்தேன்னுதான் நினைச்சேன்," என்றான் அவன். "பார்த்தேனா?"

அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகிறவள் எப்படிப் பேசுவாள் என்று அவளே தனக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். மூச்சு சீரான பிறகும் பேசவில்லை.

அறுவை தள்ளிப்போயிற்று. ரேடியோவை வண்டியிலிருந்து இறக்கிப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அனுப்பினார்கள். அவனை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று மேலிடத்தில் பேசிச் சொல்வதாக மேலாளர் சொன்னார். கம்பளிக்குத் தெரியும், மேலிடத்தில் பேசிச் சொல்வது என்றால் அனுப்புவது என்று அர்த்தம்.

வீட்டில் மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணி எவ்வளவு கெஞ்சி உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தா? அவ முகத்துல கரியைப் பூசிட்டு வந்து நிக்கிறியே!"

"விடுங்க அத்தே," என்றாள் கம்பளி.

"நீ சும்மா இரும்மா. நீ கொடுக்கிற இடம்தான் இதுக்கெல்லாம் காரணம்."

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வழக்கமாக இப்படித் திட்டு விழும்போது தாயின் குரலிலேயே பதில் பேசிச் சிரிக்க வைப்பான். அன்று, "மன்னிச்சுக்குங்க அண்ணி, உங்க பேரைக் கெடுத்துட்டேன்," என்றான். கம்பளி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

ரேடியோ நின்றுவிட்டது. பாட்டு இல்லை, கேலி இல்லை. எதையும் இரண்டு தடவை படிக்க ஆரம்பித்தான். டீ போடும்போது டப்பாவின்மேல் எழுதியிருப்பதைப் படிப்பான், திறந்து பார்ப்பான், ஒரு துளி நக்கிப் பார்ப்பான், பிறகும் கேட்பான். "அண்ணி, இது சர்க்கரைதானே?"

"சர்க்கரைதான்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. என் கண்ணை நம்ப முடியல."

ஒருநாள் கண் மருத்துவரிடம் போய்வந்தான். திரும்பி வந்தவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னப்பா, கண்ணாடி போடச் சொன்னாரா?" என்றாள்.

"இல்ல அண்ணி. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்காம். கழுகுக்கண்ணுன்னு சொன்னார்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "அப்போ கோளாறு வேற எங்கேயோ இருக்கு."

நல்ல சேதி கேட்டு இப்படி இடிந்துபோனவனை அவள் பார்த்ததில்லை. அன்று அவளால் தாங்க முடியவில்லை. கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவனிடம் போய், குளிரறை, உப்பு, தொலைபேசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கேட்டுவிட்டு அவன் சிரித்தான். பல நாள் கழித்து வந்த முதல் சிரிப்பு.

"எனக்காகக் கதை கட்டுறீங்க பாருங்க, அதுதான் அண்ணி நீங்க! ஆனா கொஞ்சம் நம்புற மாதிரிக் கட்டக் கூடாதா? வெண்ணெய் பக்கத்துல நின்னு உப்பு எழுதினீங்களாம்!"

"சத்தியமா சொல்றேன்டா!"

"சரி சரி. அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அப்புறம் உங்களையும் சேர்த்துத் திட்டும்."

மறுநாள் மேலாளரிடம் போனாள். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கண்கூடக் கலங்கியது போலிருந்தது. "கம்பளியம்மா, குடும்பம்னா இப்படி இருக்கணும். கொழுந்தன் செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்க யாருக்கு மனசு வரும்? ஆனா என்னால இதை எழுத முடியாது. எல்லாச் சிலேட்டுலயும் சிவப்புதானே இருந்துச்சு?"

"அது நான் திருப்பிப் போட்டது சார்!"

"போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க," என்றார் கனிவாக.

கணினிக்காரரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டாள். பழையது எங்காவது இருக்குமா என்று. "பழசையெல்லாம் சேர்த்து வைக்கிறதுக்குத் தனி ஏற்பாடு இருக்கும்மா. உங்க நிர்வாகம் அது வேண்டாம்னுடுச்சு. இப்போ என்ன இருக்கோ அதுதான் எல்லாத்துலயும் இருக்கும்," என்றார் அவர். சமையல்கூடத்தார் தெரியாமல் வைத்த பெயர் சரியாகத்தான் அமைந்திருந்தது. சிலேட்டில் துடைத்தது துடைத்ததுதான்.

இதற்குள் அந்தக் கதை சமையல்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குச் சிலேட்டு தேவைப்படவில்லை. கொழுந்தனுக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணிந்த அண்ணி! பாத்திரம் கழுவுகிறவர்கள் பாலாடைக்கட்டிக் கதையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ரொட்டி சுடுகிறவர் தனியாக ஒரு கப் காபி கொண்டுவந்து கொடுத்தார். குற்றம் செய்தவளுக்குக் கும்பிடு கிடைத்தது. ஒவ்வொரு கும்பிடும் ஒரு சவுக்கடி. ஆனாலும், உள்ளுக்குள் ஒரு மூலையில், 'சொல்லியாயிற்று, அவர்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்வது' என்று ஒரு குரல் இதமாக முனகியது. அந்த இதம்தான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

ஏனென்றால், நம்ப வைக்க ஒரு வழி இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

அன்று ரேடியோவின் கையில் செத்துப்போன சிலேட்டை யாரோ இழுப்பறையில் போட்டிருந்தார்கள். அதன் சார்ஜ் துவாரம் ஆட்டம் கண்டிருந்ததால் யாரும் மறுபடி தொடவில்லை. சிவப்பு திரும்பி வருவதற்கு முன்பே அது செத்துவிட்டது. அதற்குள் இன்னும் அந்தக் காலைதான் இருக்கும்: சூப், உப்பு குறைவு. ஆனால் கம்பியைச் செருகினால் தானாக விழித்துக்கொள்கிற கெட்ட பழக்கம் அதற்கு உண்டு. சமையல்கூடத்தில் விழித்தால் சிக்னல் கிடைத்து மற்ற சிலேட்டுகளோடு அந்தக் கணமே பேசிவிடும். அந்தக் காலை அழிந்துபோகும். இழுப்பறைக்குப் பக்கத்திலேயே மின்செருகி. அவள் தினமும் அந்த இழுப்பறையைக் கடந்துபோனாள். வீட்டுக்குள் பிணத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிறவள் மாதிரி.

மேலாளரே ஒருநாள் வாசலில் நின்று சொன்னார். "கம்பளியம்மா, பழுதானது, நல்லது எல்லாச் சிலேட்டையும் எடுத்துச் சார்ஜ் போட்டு வையுங்க. எது ஓடுது, எது ஓடலைன்னு பார்க்கணும். அப்புறம் ரேடியோ விஷயம், மேலிடத்துல சொல்லிட்டாங்க. இந்த வாரத்தோட சரி."

உத்தரவு வந்துவிட்டது. அவள் எதையும் அழிக்க வேண்டியதில்லை. சொன்ன வேலையைச் செய்தால் போதும். சிலேட்டுகளை வரிசையாக மேசைமேல் வைத்தாள். ஒவ்வொன்றாகக் கம்பியைச் செருகினாள். கடைசியாகச் செத்த சிலேட்டைக் கையில் எடுத்தாள். கம்பியின் முனை துவாரத்தைத் தொட்டது.

பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ரேடியோவின் குரல் கேட்டது. வேறு யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. சோப்புப் பொடி டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

கம்பியைச் செருகாமல் கீழே போட்டுவிட்டு, சிலேட்டோடு அவனிடம் போனாள். "பாட்டுக் கேட்கிறதுக்கு வெச்சிருப்பியே பவர் பேங்க், அதைக் கொடு. நீயும் வா."

"எங்க அண்ணி?"

"குளிரறைக்கு."

மேலாளரையும் வார்டு சிஸ்டரையும், பழுது பார்க்க வந்திருந்த கணினிக்காரரையும் அவள் எப்படி உள்ளே தள்ளினாள் என்பது தெரியவில்லை. சிஸ்டரைக் கையைப் பிடித்து இழுத்தாள் என்கிறார்கள். மேலாளரிடம், "பால் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று பொய் சொன்னாளாம். அது அவளுடைய கடைசிப் பொய். எல்லாரும் உள்ளே வந்ததும் கனத்த கதவைச் சாத்தினாள்.

"என்னம்மா இது? பால் நல்லாத்தானே இருக்கு!" மேலாளர் மெல்லிய அரைக்கைச் சட்டையில் இருந்தார். பேசப் பேச வாயிலிருந்து புகை வந்தது.

"கொஞ்சம் பொறுங்க சார்." பவர் பேங்கைச் செருகினாள். துவாரம் ஆடியது; விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. சிஸ்டர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குதித்தாள். கணினிக்காரரின் பல் தந்தியடித்தது. கம்பளி ஒற்றைக் கையால் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி ரேடியோவின் தோளில் போட்டாள். "வேண்டாம் அண்ணி," என்றான். "போட்டுக்கோ," என்றாள். அந்த அறையில் அவள் அதைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

திரை விழித்தது. அவள் அதை ரேடியோவின் கையில் கொடுத்தாள்.

"படி."

அவன் படித்தான். "ஜன்னலோரக் கட்டில். சூப். உப்பு குறைவு." நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்து படித்தான். "சூப். உப்பு குறைவு." மூன்றாவது முறை குரல் உடைந்தது. "நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்."

"சரியாத்தான் படிச்சே. தப்பா எழுதினது நான்."

கணினிக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சிக்னல் இல்லாத இடத்துக்கு எடுத்துட்டுப் போகாதீங்கன்னு சொன்னேனேம்மா," என்றார் மெதுவாக. "சொன்னீங்க சார்," என்றாள் அவள்.

சிஸ்டர்தான் கேட்டாள். "அது சரி. நான் போன் பண்ணப்போ 'பார்த்தோம்'னு சொன்னது யாரு?"

துணி உலர்த்துமிடத்தில் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது, மேலாளர் அறையில் சொல்ல முடிந்தது. நம்பப் போகிறவர்கள் முன்னால் சொல்லும்போது வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. "நான்தான் சிஸ்டர். அப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"இருங்க, அதை ஒரு போட்டோ எடுத்துக்கலாம்," என்று கணினிக்காரர் பையைத் தடவினார். அதற்குள் மேலாளருக்குப் பொறுக்கவில்லை. "அய்யோ, உயிர் போகுதுப்பா!" என்று கதவைத் திறந்துவிட்டார். வெக்கை உள்ளே பாய்ந்தது. சிலேட்டு ரேடியோவின் கையில் ஒரு துடிப்புத் துடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் தாவின. அந்தக் காலை போய்விட்டது. ஜன்னலோரக் கட்டிலில் யாரோ ஒரு புது ஆள், இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம்.

போட்டோ இல்லை. ஆனால் அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

ரேடியோ வண்டிக்குத் திரும்பினான். கம்பளியிடமிருந்து சிலேட்டை வாங்கிக்கொண்டு அவளைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அனுப்பினார்கள். அவளாகக் கேட்டுக்கொண்டாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கணினிக்காரர் விதியை மாற்றினார்: இருவர் ஒரே வரியைத் தொட்டிருந்தால் சிலேட்டு இனித் தானாக முடிவு செய்யாமல் நின்று கேட்கும். சிவப்பை வெறும் உப்பால் அழிக்க முடியாது. வீட்டில் மாமியார் மருமகளை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டில் சோறு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

தையற்கார அம்மாள் அறுவை முடிந்து தேறி வந்திருந்தாள். வீட்டுக்குப் போகும் நாளன்று கம்பளி அவளைத் தேடிப் போனாள். பார்த்ததுமே அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்புல உப்பைக் குறைச்சது நீதானாமே? சொன்னதை ஞாபகம் வெச்சுச் செஞ்சவ இந்தக் கட்டடத்திலேயே நீ ஒருத்திதான்மா."

கம்பளி கையை விடுவித்துக்கொண்டு, நடந்ததை முழுவதும் சொன்னாள். அந்த அம்மாள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"உயிர் போகலையே, விடு," என்றாள் கடைசியில். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் பொண்ணு அன்னைக்கு ஒருநாள்தான் லீவு போட்டுட்டு வந்தா. அடுத்த தடவை அவளால வர முடியல. மயக்கம் தெளிஞ்சப்போ யாரும் இல்ல. உன்னைக் குத்திக்காட்டறதுக்குச் சொல்லலம்மா. கேட்டியேன்னு சொன்னேன்."

கம்பளி எதையும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

இப்போது அவள் கம்பளிச் சட்டை போடுவதில்லை. சோப்பு நுரையில் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போலவே வேர்த்துக் கொட்டுகிறாள். சட்டை போனாலும் பெயர் போகவில்லை; புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கிறார்கள், அவளே சொல்கிறாள், உப்பு, தொலைபேசி எதையும் விடாமல்.

ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டான். முன்போல முழுப் பாட்டு இல்லை, இரண்டு வரி. ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னாலும் நின்று, சிலேட்டைப் பார்த்து உரக்க ஒருமுறை படிக்கிறான். பிறகு மறுபடி ஒருமுறை. வார்டில் அதைப் பெரிய ஒழுங்கு என்று மெச்சுகிறார்கள். மற்ற வண்டிக்காரர்களையும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். லிஃப்டுக் கதவு திறந்திருக்கும்போது அந்த இரண்டாவது படிப்பு கீழே கழுவுமிடம்வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் கம்பளியின் கை நுரைக்குள் ஒரு கணம் நிற்கும். அதைப் பழையபடி ஒரே படிப்பாகத் திருப்ப எந்த விரலாலும் முடியாது.

ஒருநாள் பால் கூடை ஒன்றை உள்ளே வைக்கச் சொல்லிக் குளிரறைக்கு அவளை அனுப்பினார்கள். கையில் கூடையைத் தவிர எதுவும் இல்லை. கதவைத் திறக்கும்போது வண்டியோடு ரேடியோ வந்தான். நின்றான்.

"உள்ள போறீங்களா அண்ணி?"

"ஆமாப்பா."

"சரி, போய்ட்டு வாங்க. நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் வண்டியை எடுக்கல."

கேலியா, நிஜமா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை. கூடையை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவன் அங்கேயே நின்றிருந்தான். சிலேட்டை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான், பிறகுதான் வண்டியைத் தள்ளினான்.